பவளத்தீவில் மூடிய உருளை உரம்: மிஷினுக்கு முன்னால் சருகுக்கு வழி பாருங்கள்

மாலத்தீவின் குட்டித் தீவு ஒன்றில் வெங்காயம், தக்காளி, முட்டைக்கோஸ் எல்லாம் வெளியிலிருந்து வந்து இறங்கினால்தான் உண்டு. தூத்துக்குடியிலிருந்து மாலேக்குப் போகும் சரக்கும் அதில் சேர்த்தி. சமைத்தது போக மிஞ்சியது என்ன ஆகிறது? சில இடங்களில் கடலில் கொட்டுகிறார்கள், சில இடங்களில் தீவின் ஓரத்தில் வைத்துக் கொளுத்துகிறார்கள். மற்றதைப் படகில் ஏற்றி மாலேக்கு அருகிலுள்ள திலஃபுஷிக்கு அனுப்புகிறார்கள். 1992இலிருந்து குப்பையால் நிரப்பி உண்டாக்கிய தீவு அது. சாப்பாட்டுக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். அதை டீசல் எரித்துக் கடல் தாண்ட வைப்பது வெட்டி வேலை.

தீவின் மண்ணைப் பார்த்தாலோ வெறும் பவள மணல். பி.எச். 8க்கு மேல், மட்கு கிட்டத்தட்ட இல்லை, ஊற்றிய தண்ணீர் நிற்காது. ரிசார்ட் தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக மண்கலவை இறக்குமதியாகிறது. அங்கே ஸ்டூவர்டிங்கிலும் (பாத்திரம், சமையலறைத் துப்புரவு பார்க்கும் பிரிவு) தோட்டத்திலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் கணிசம். இந்தப் பதிவு முதலில் அவர்களுக்கு. லட்சத்தீவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை.

இந்தக் கழிவை உரமாக்குவதென்றால் ஒரு மூலையில் குவித்துப் புரட்டினால் போதாதா, கழிவையும் சருகையும் உள்ளே போட்டுச் சுழற்றி மட்க வைக்கும் மூடிய உருளை எதற்கு என்று கேட்பார்கள். பவளத்தீவில் போதாது. முதல் காரணம் தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. பல தீவுகளில் ஒன்றரை மீட்டர் தோண்டினாலே அது தென்பட்டுவிடும். மணல் எதையும் பிடித்து நிறுத்தாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மி.மீ. மழை பெய்யும் ஊரில் திறந்த குவியலிலிருந்து வடியும் கறுப்புச் சாறு நேராகக் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை: காண்டாமிருக வண்டு. வளர்ந்த வண்டு தென்னையின் விரியாத குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் ஓலையில் கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டுகள் தெரியும். ஆனால் அது முட்டையிடுவது தென்னையில் அல்ல, மட்கும் பொருளில். எருக்குழி, இற்றுப்போன தென்னந்தடி, திறந்த உரக்குவியல் எல்லாம் அதற்குப் பிரசவ அறைதான். வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக அரைவட்டமாகச் சுருண்ட புழு குவியலுக்குள் மாதக்கணக்கில் தின்று கொழுக்கும். லட்சத்தீவுத் தென்னைக்கு எலியும் இந்த வண்டும்தான் பெரும் பகை. குவியலைத் திறந்து போட்டால் இரண்டுக்கும் ஒரே இடத்தில் விருந்து வைத்ததாகிவிடும். இவற்றோடு ஈ, காகம், அடுத்த வீட்டு மூக்கு. ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத தீவில் நாற்றத்தை ஒதுக்கி வைக்க 'ஊருக்கு வெளியே' என்று ஓர் இடம் கிடையாது.

24 மணி நேர மிஷின்

விற்பனையாளர்கள் முதலில் காட்டுவது இதைத்தான்: இரவு போட்டால் காலையில் உரம். உள்ளே இருப்பது ஒரு ஹீட்டர், கிளறும் துடுப்பு, ஏதோ ஒரு நுண்ணுயிர்ப் பொடி. உண்மையில் இது ஓர் உலர்த்தி. 100 கிலோ சாப்பாட்டுக் கழிவில் 75 கிலோ தண்ணீர். 10 சதவீத ஈரத்துக்குக் காயவைக்க வேண்டுமானால் சுமார் 72 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 0.63 யூனிட். ஆகக் குறைந்தது 45 யூனிட். இதில் வெப்ப இழப்பைச் சேர்க்கவில்லை. ஜெனரேட்டரில் ஓடும் தீவில் நாளுக்குப் பதின்மூன்று லிட்டருக்கு மேல் டீசல் இதற்கே போய்விடும்.

வெளியே வருவது பழுப்புத் தூள், வாசனையும் மோசமில்லை. ஆனால் அது மட்கவில்லை, காய்ந்திருக்கிறது. செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: இரண்டு நாளில் பூஞ்சை படரும், புளித்த நாற்றம் அடிக்கும், வேர் வெந்துபோகும். அந்தத் தூளையும் மறுபடி ஈரமாக்கி, சருகு கலந்து, வாரக்கணக்கில் மட்க வைத்தே ஆகவேண்டும். அப்படியிருக்க 45 யூனிட் எதற்கு?

சுழலும் உருளையில் வேலை செய்யும் வெப்பம் நுண்ணுயிர் தருவது. மோட்டாரும் ஃபேனும் நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்குள் அடங்கும். ஓலை அரைக்கும் ஷ்ரெடரையும் சேர்த்தால் மூன்று.

முதலில் எடை, பிறகு சருகு

எந்த மிஷின் என்பதை முடிவு செய்யும் முன் ஒரு முழு வாரம் கழிவை எடை போடுங்கள். சமையலறைத் தோல்–தண்டு தனி, தட்டில் மிஞ்சியது தனி, மீன் தனி. வெள்ளிக்கிழமை விடுமுறை, ரமலான், ரிசார்ட்டானால் டிசம்பருக்குப் பிந்தைய கூட்டம் என எல்லாவற்றுக்கும் எடை மாறும். கணக்குக்கு நாளுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது: காய்ந்த சருகு எங்கிருந்து வரும்? பாதியில் நின்றுபோன உருளைகளில் மோட்டார் கெட்டது குறைவு, சருகு தீர்ந்துபோனதுதான் மிகுதி. சாப்பாட்டுக் கழிவு மட்டும் உள்ளே போனால் கூழாகும், கூழுக்குள் காற்று போகாது, காற்று போகாத இடத்தில் மட்காது, அழுகும்.

கணக்கு இப்படி. 100 கிலோ கழிவில் ஈரம் 75 சதவீதம். கலவையில் நமக்கு வேண்டியது 60. சருகின் ஈரம் 15 என்றால் 33 கிலோ சருகு சேர்க்க வேண்டும். அந்த அளவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் ஏறக்குறைய 25க்கு வந்துவிடுகிறது. அது நல்ல இடம். கொள்ளளவில் சொன்னால் ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி அரைத்த சருகு. தினமும் தராசு பார்க்க ஆளில்லாத இடத்தில் இந்த ஒன்றுக்கு இரண்டு என்ற வாளிக் கணக்கே போதும்.

நாளுக்கு 33 கிலோ என்றால் இரண்டு மாதத்துக்கு இரண்டு டன், அரைத்த நிலையில் 20 கன மீட்டர். மூன்றுக்கு மூன்றரை மீட்டர் அறையில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் கொள்ளும். உருளைக்கு ஒதுக்கும் இடத்தைவிட இது பெரிது என்பதால் வரைபடத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். விட்டுக்கொடுக்காதீர்கள். இருவை என்று அங்கே சொல்லும் வடகிழக்குப் பருவத்தின் வறண்ட மாதங்களில் அறையை நிரப்பி வைத்தால்தான் ஹுல்ஹங்கு என்ற தென்மேற்குப் பருவ மழையில் நனைந்த இலையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

எதெதைச் சருகாகப் பயன்படுத்தலாம்? ரொட்டிப்பழ மரம், பூவரசு, கடற்கரைப் புதர் போன்றவற்றின் உலர்ந்த இலை முதல் தரம். காய்ந்த தென்னை ஓலை அரைத்தால் நல்லது. மட்டையின் கனத்த அடிப்பகுதியை வெட்டி ஒதுக்கிவிடுங்கள். அட்டைப்பெட்டி அருமையான பொருள், ரிசார்ட்டில் வற்றாமல் கிடைக்கும். டேப்பை உரித்து, உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, சருகில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்க்கலாம். அதிகமானால் நனைந்து பாளம் பாளமாக ஒட்டிக்கொள்ளும். தேங்காய் நார்த்தூள் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் மட்க மறுக்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கொடுக்கும் கணக்கில் அதன் கரிம–தழைச்சத்து விகிதம் 112க்கு 1. ஈரத்தைக் கட்டுப்படுத்தக் கொஞ்சம் போடலாம், முழுக்க அதை நம்பக் கூடாது. படகுக் கொட்டகையிலிருந்து வரும் ப்ளைவுட் தூள், பெயின்ட் அடித்த மரம், பூச்சிமருந்து ஏற்றிய மரம் ஆகவே ஆகாது. கரையில் ஒதுங்கும் கடற்புல்லை ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் பரப்பி உப்பு கழிந்த பிறகுதான் தொடலாம்.

தெருவில் கூட்டி அள்ளும் இலையில் பாதி மணல்தான். மாலத்தீவில் மணல் முற்றத்தைத் தினம் பெருக்கும் பழக்கம் உண்டு. அந்த இலை அப்படியே ஷ்ரெடருக்குப் போனால் கத்தி சீக்கிரத்தில் மழுங்கும், உருளையின் அடியில் மணல் படிந்து எடை ஏறும். சாய்த்து வைத்த 6 மி.மீ. சல்லடையில் ஒருமுறை போட்டு உதறிவிட்டு எடுங்கள்.

ஷ்ரெடர் பற்றி ஒரு எச்சரிக்கை. பச்சை ஓலையின் நார் சுழல்தண்டில் கயிறாகச் சுற்றி பெல்ட்டை எரித்துவிடும். காய்ந்து பழுப்பேறி, மடக்கினால் 'படக்' என்று ஒடியும் ஓலையை மட்டும் கொடுங்கள். துண்டு 2 முதல் 5 செ.மீ. இருக்கட்டும். தூளாக அரைத்தால் காற்றிடைவெளி போய்விடும், சருகு போட்டும் பயனில்லை.

உருளையும் அதன் சுற்றுப்புறமும்

100 கிலோவுக்கு ஒரே பெரிய உருளையா, இரண்டு சிறியதா? இரண்டு. ஒன்று பழுதானால் உதிரிப்பாகம் படகில் வரும்வரை மற்றது தாங்கும். அதைவிட முக்கியமானது: ஒரே உருளையில் ஒரு முனையில் போட்டு மறுமுனையில் எடுக்கும் முறையில், இன்று போட்ட பச்சைக்கழிவில் கொஞ்சம் நேற்றே சூடு தாண்டியதோடு (சூட்டில் கிருமி செத்ததோடு) கலந்து வெளியேறிவிடும். இரண்டு இருந்தால் ஒன்றைப் பத்து நாள் நிரப்பி, கதவைப் பூட்டிப் பத்து நாள் விட்டுவிட்டு, அதற்குள் மற்றதை நிரப்பலாம்.

நாள்தோறும் போகும் கலவை சுமார் 0.4 கன மீட்டர். பத்து நாளில் பழையது பாதியாகச் சுருங்கும். எனவே நிரம்பிய நிலையில் 2.8 கன மீட்டர் நிற்கும். உருளையை 70 சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் உள்ளே புரள இடமிருக்காது. ஆக ஒவ்வொன்றும் 4 கன மீட்டர்: விட்டம் 1.4 மீட்டர், நீளம் 2.6 மீட்டர். உள்ளே ஒன்றேகால் டன் வரை எடை நிற்கும். அதற்கேற்ற ரோலரும் சட்டமும் வேண்டும். ஒன்றரை எச்.பி. மோட்டார், நிமிடத்துக்கு ஒரு சுற்று வரக் குறைக்கும் கியர்பாக்ஸ்.

உலோகத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். உள்ளே புளித்த சாறும் உப்பும், வெளியே கடற்காற்று. சாதா இரும்புக்குப் பெயின்ட் அடித்து ஏமாறக் கூடாது. எஸ்.எஸ். 304 என்ற எவர்சில்வர்கூடக் குளோரைடுக்குப் புள்ளிப் புள்ளியாக அரித்துப்போகும். 316 வாங்க முடியாவிட்டால் கனமான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் அல்லது எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை) உருளையே மேல். ஸ்விட்ச் பெட்டி ஐ.பி. 65 தரம் (தூசியும் நீர்வீச்சும் புகாதது). பேரிங் உருளைக்கு வெளியே, கிரீஸ் துப்பாக்கி எட்டும் இடத்தில் இருக்கட்டும். உருளைக்கு மேல் 5 செ.மீ. வெப்பக்காப்பு வேண்டும். வெப்பமண்டலத்தில் எதற்கு என்று தோன்றும். மழைக்காற்றில் ஓரத்துப் பொருள் 45 டிகிரியைத் தாண்டாமல் நிற்பதைப் பார்த்தால் புரியும்.

தரை கான்கிரீட், 2 சதவீதச் சரிவு, சுற்றிலும் ஒரு சாண் வரம்பு, மூலையில் மூடிய தொட்டி. கூரையின் மழைநீர் குழாயில் தனியாகப் போகவேண்டும். அதைப் பிடித்து வைத்தால் உருளைக்கே பயன்படும். கிணற்று நீர் உவர்ப்பு, அதை ஊற்றினால் உரத்தில் உப்பு ஏறும். தொட்டியில் சேரும் கசிவுநீரை நிரப்பும் நிலையில் இருக்கும் உருளைக்குள் மட்டும் திருப்பி ஊற்றலாம். சூடு தாண்டிய உருளையில் ஊற்றினால் கொன்ற கிருமியை மறுபடி குடியேற்றியதாகும்.

காற்றை உள்ளே ஊதுவதைவிட வெளியே இழுப்பது நல்லது, நாற்றம் கதவிடுக்கில் கசியாது. இரண்டு உருளைக்கும் சேர்த்து மணிக்கு 100 கன மீட்டர் இழுக்கும் சிறிய ஃபேன், டைமரில் பத்து நிமிடம் ஓடி இருபது நிமிடம் நிற்கும்படி. இழுத்த காற்று உயிர்வடிகட்டிக்குப் போகவேண்டும்: ஒன்றரை மீட்டர் சதுரம், 80 செ.மீ. ஆழமுள்ள பெட்டி, அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாய், மேலே தேங்காய் மட்டைத் துண்டு மூன்று பங்கும் சல்லடையில் மிஞ்சிய பழைய உரம் ஒரு பங்கும். காற்று இதற்குள் ஒரு நிமிடம் தங்கிப் போனால் நாற்றம் பெரும்பாலும் போய்விடும். இந்தப் பெட்டி காயக் கூடாது. காய்ந்தால் வெடிப்பு விழும், காற்று வெடிப்பு வழியாகவே தப்பிக்கும், வடிகட்டி இருந்தும் இல்லாத கதைதான்.

திடீரென்று நாற்றம் கிளம்பினால் பலரும் ஃபேனைச் சந்தேகிப்பார்கள். முதலில் குழாயைப் பாருங்கள். உருளையிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று குழாயில் குளிர்ந்து தண்ணீராகும். குழாய் எங்காவது தொய்ந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கிக் காற்றை அடைத்துவிடும். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காற்றுதான் நகராது. குழாயை ஒரே பக்கமாகச் சரித்து, தாழ்ந்த முனையில் ஒரு வால்வு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அன்றாட வேலை

ஈ முட்டை இந்த வெயிலில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும் என்பதால் கழிவை அன்றன்றே எடுக்க வேண்டும். 60 லிட்டர் வாளி, முக்கால் மட்டுமே நிரப்புவது, இறுக்கமான மூடி. சாம்பாரையும் சூப்பையும் சல்லடை வைத்து வடித்துவிடுங்கள். கழுவுநீரில் எண்ணெயைப் பிடித்து வைக்கும் கிரீஸ் டிராப்பின் கொழுப்பு உருளைக்கு வரக் கூடாது. துகள்களின் மேல் எண்ணெய் பூசிக்கொண்டால் நீரும் காற்றும் புகாது. தரம் பிரிக்கும் மேசையில் கொட்டி, காந்தத்தை ஒருமுறை ஓட்டுங்கள். பஃபே நடக்கும் இடத்தில் ஸ்பூன் அகப்படாத நாள் இருக்காது, ஆனால் நல்ல எவர்சில்வர் ஸ்பூன் காந்தத்தில் ஒட்டாது என்பதால் கண்ணும் வேண்டும். க்ளிங் ஃபிலிம், பழ ஸ்டிக்கர், ரப்பர் பேண்டு மூன்றும் நிரந்தர எதிரிகள். முழு இளநீர்க் கூடு ஒன்று போதும், கதவில் சிக்கி உருளையை நிறுத்த. நான்காகப் பிளக்காமல் விடாதீர்கள்.

மீன் தனிக்கதை. சூரைத் தலை, குடல், செவுள் எல்லாம் சூட்டில் வேகமாகக் கரையும், ஆனால் தழைச்சத்து மிக அதிகம். 100 கிலோவில் மீன் 10 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்தப் பத்துக்கும் தனியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ சருகு கூடுதலாக வேண்டும். நடுவில் புதைத்து, மேலே பழைய உரத்தால் மூடிவிட்டு உடனே உருளையைச் சுற்றுங்கள். சூரையை அவித்து உலர்த்தி மாசி போடும் ஊர்களில் அவித்த தண்ணீரையும் கொண்டுவந்து தருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள், அத்தனையும் உப்பு.

முதல் தடவை உருளையில் 10 முதல் 15 சதவீதம் நன்றாக மட்கிய உரம் போட்டுத் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சல்லடையில் மிஞ்சும் பெருந்துகளே விதையாகும், சருகுச் செலவையும் குறைக்கும். காலையும் மாலையும் பத்துப் பத்துச் சுற்று போதும். நாள் முழுக்கச் சுற்றினால் நன்றாகக் கலக்கும் என்று டைமரைத் திறந்துவிடுவார்கள். சோறும் ரொட்டியும் உள்ள கலவை அப்படிச் சுற்றினால் கிரிக்கெட் பந்து அளவுக்கு உருண்டை உருண்டையாகத் திரளும். வெளியே காய்ந்து, பிளந்தால் உள்ளே கறுத்து அழுகியிருக்கும். திரண்டுவிட்டால் வெளியே எடுத்து மண்வெட்டியால் உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாளிச் சோதனையை வாரத்துக்கு இருமுறையாவது செய்யுங்கள். 20 லிட்டர் வாளியில் கலவையை மூன்று தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணைக்கும் வாளியைத் தரையில் பத்துமுறை தட்டி, விளிம்பு வரை நிரப்பி எடை போட வேண்டும். 10 முதல் 12 கிலோ என்றால் காற்றிடைவெளி சரி. 13க்கு மேல் போனால் சருகு போதவில்லை. ஈரத்துக்குக் கைப்பிடி: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு துளிர்த்து நிற்க வேண்டும். ஓடி வடிந்தால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

வெப்பமானிக் கம்பியை அரை மீட்டர் ஆழத்துக்கு மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள், குறைந்த எண்ணை எழுதுங்கள். நடுவில் 65, ஓரத்தில் 48 என்றால் கணக்கு 48தான். மூடிய கலனுக்கு அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமையான இ.பி.ஏ. கழிவுநீர்ச் சேற்றுக்கு வகுத்த விதி 55 டிகிரி அல்லது அதற்கு மேல், தொடர்ந்து மூன்று நாள். களை விதைக்கும் பெரும்பாலான கிருமிகளுக்கும் அது போதும். 70ஐ நெருங்கினால் உழைக்கும் நுண்ணுயிரே சாகும், ஃபேன் நேரத்தைக் கூட்டிச் சூட்டைத் தணியுங்கள்.

மூக்கு சொல்லும் கோளாறுகள்

வினிகர் வாசனை, வெப்பம் 40 முதல் 45இல் முரண்டு பிடித்து நிற்கிறது. இது தொடக்க நாட்களின் கோளாறு: சாப்பாட்டுக் கழிவு புளித்து பி.எச். 5க்குக் கீழே இறங்கிவிட்டது, சூட்டில் வாழும் நுண்ணுயிர் அந்தப் புளிப்பில் வேலை செய்யாது. கழிவு போடுவதை ஓரிரு நாள் நிறுத்தி, ஃபேனைக் கூட்டி, பழைய உரத்தை 20 சதவீதம் வரை சேர்த்தால் ஏறிவிடும். ஊரில் சொல்வது போலச் சுண்ணாம்போ சாம்பலோ கொட்டாதீர்கள். உரம் போய்ச் சேரப்போகும் மண்ணே சுண்ணாம்புதான். மேலும் பி.எச். தாவி ஏறினால் தழைச்சத்தெல்லாம் அம்மோனியாவாகப் பறந்துபோகும்.

அந்த அம்மோனியா, கண் எரியும் நெடி, வந்துவிட்டால் மீனோ இறைச்சியோ மிஞ்சிவிட்டது என்று பொருள். கிழித்த அட்டையும் சருகும் சேருங்கள். முட்டை அழுகிய நாற்றம் என்றால் காற்றில்லை: ஈரம் அதிகம், அல்லது மேலே சொன்ன குழாய் அடைப்பு. கறுத்துத் தட்டையான புழுக்கள் கதவருகே ஊர்ந்தால் அது கருஞ்சிப்பாய் ஈயின் புழு. கெடுதல் செய்யாது, ஆனால் அந்த இடம் சூடேறவில்லை, சொதசொதவென்று இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது நாற்றமே இல்லாத கோளாறு. வெப்பம் 60இலிருந்து 35க்கு விறுவிறுவென்று இறங்கும், பார்க்க உதிரியாக, மண் நிறத்தில், முடிந்துவிட்டது போலிருக்கும். பெரும்பாலும் அது காய்ந்து தூங்குகிறது. ஃபேன் ஈரத்தை இழுத்துவிட்டது, 35 சதவீதத்துக்குக் கீழே நுண்ணுயிர் ஓய்ந்துவிடும். மழைநீர் தெளித்துச் சுற்றிவிட்டு மறுநாள் குத்திப் பாருங்கள். வெப்பம் ஏறினால் வேலை பாக்கி இருக்கிறது.

முதிர்வு

உருளையிலிருந்து வருவது உரமல்ல, சூடு தாண்டிய அரைமட்கு. அதைப் பெட்டிகளில் ஆறு முதல் எட்டு வாரம் முதிர விட வேண்டும். எலிக்கு 6 மி.மீ. வெல்டட் வலை, அடியிலும் பக்கத்திலும். வண்டுக்கு மேலேயும் வலை மூடி. பகலில் வண்டு வராது என்று மூடியைச் சாய்த்து வைத்துவிட்டு மறந்துபோவார்கள், அது இரவில்தான் பறந்து வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டும்போது சுருண்ட வெண்புழு கண்ணில் பட்டால் பொறுக்கி எடுங்கள். அதிகம் இருந்தால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சைக் கரைசலைத் தெளிக்கலாம், புழுவுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும்.

133 கிலோ உள்ளே போனது கடைசியில் சுமார் 50 கிலோவாக வெளியே வரும். இதைவிட நிறைய வந்தால் மகிழ வேண்டாம், மட்கவில்லை என்று அர்த்தம். முதிர்ந்ததா என்று பார்க்க, ஈரமான உரத்தை ஜிப் பையில் அடைத்து மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண்வாசனை வந்தால் சரி, புளிப்போ அம்மோனியாவோ வந்தால் பெட்டிக்கே திருப்புங்கள். உரமும் கழுவிய மணலும் சரிபாதி கலந்து பத்துப் பச்சைப்பயறு ஊன்றினால் குறைந்தது எட்டு முளைத்து, வேர்நுனி வெள்ளையாக இருக்கவேண்டும். நுனி பழுப்பாகியிருந்தால் உப்பு அல்லது முதிராமை. உப்பைக் கருவியால் அளக்க முடிந்தால், இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர உரத்துக்கு வைத்திருக்கும் எல்லை மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ். அதைத் தாண்டியதைத் தென்னைக்குக் கொடுங்கள், நாற்றங்காலுக்கு வேண்டாம்.

வீட்டளவில் செய்ய விரும்புவோருக்குச் சுருக்கமாக: ஐந்து பேர் வீட்டுக்கு 200 லிட்டர் நீல டிரம் இரண்டு. அடியில் வலை, பக்கத்தில் வலை கட்டிய காற்றுத் துளை, நடுவில் துளையிட்ட பி.வி.சி. குழாய், கீழே கசிவுநீர் பிடிக்கத் தட்டு. அதே ஒன்றுக்கு இரண்டு கணக்கு. ஒன்று நிரம்ப ஏறக்குறைய இரண்டு மாதம், அது மட்கும் வரை மற்றது. இவ்வளவு சிறிய கலன் 55 டிகிரியைத் தொடர்ந்து தாங்காது, எனவே மீன், இறைச்சி, விதை கட்டிய களை மூன்றையும் பொது உருளைக்கு அனுப்பிவிடுங்கள். மூடியின் மேல் மழைநீர் தேங்கும் பள்ளம் இருந்தால் கொசு வளர்த்ததாகிவிடும், கவிழ்த்துப் போடுங்கள்.

பவள மணலில் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் செடிக்கு எட்டாத நிலையில் பூட்டிக்கிடக்கும். பப்பாளிக் குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது அதனால்தான். மட்கு அந்தப் பூட்டை ஓரளவு தளர்த்தும், மேலாகத் தூவினால் அல்ல, வேர்மண்டலத்தில் கலந்தால். தொட்டிக்கு மணலில் கால் பங்கு உரம். பப்பாளி, வாழை, மிளகாய்க்கு முழங்கை ஆழக் குழி, அதில் மூன்றில் ஒரு பங்கு உரம், மேலே கனமாகச் சருகு மூடாக்கு. அந்த மூடாக்குக்கு வேண்டிய இலையையும் சேர்த்துத்தான் சருகு அறையின் அளவைப் போடவேண்டும்.